குதிரையை வெளியே கொண்டுபோகும் முன் இதை வாசியுங்கள்

போன ஞாயிறு பின்னேரம் மட்டக்களப்பில், கல்லடிக் கடற்கரைக்குப் பக்கத்தில், ஒரு பெண் குதிரையின் நெஞ்சில் தையல் போட்டேன். முள்ளுக்கம்பி கிழித்த காயம், ஒரு சாண் நீளம். குதிரை வைத்திருப்பவர்கள் எங்கள் மாவட்டத்தில் மிகக் குறைவு. அப்படியிருந்தும் இந்த வருசம் இதே கதையோடு என்னிடம் வந்த மூன்றாவது குதிரை இது. நான் மிருக வைத்தியர், என் நாளில் பெரும்பகுதி வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பட்டி மாடுகளோடுதான் போகும். ஆனாலும் இதை எழுதாமல் விட மனம் கேட்கவில்லை.

நடந்தது இதுதான். கச்சான் காற்று வீசிக்கொண்டிருந்திருக்கிறது. கடையொன்றில் கட்டியிருந்த பொலித்தீன் விரிப்பு படபடவென்று அடித்திருக்கிறது. குதிரை நின்றுவிட்டது. பிடித்து வந்த தம்பி கயிற்றின் நுனியால் ஒன்று போட்டிருக்கிறார். அசையவில்லை. இன்னொன்று போட்டிருக்கிறார். அதோடு அது கிறுகி ஓடி, வளவு வேலியில் போய் விழுந்திருக்கிறது. கயிற்றைக் கையில் சுற்றி வைத்திருந்த தம்பியின் உள்ளங்கையில் தோல் இல்லை.

"சேர், வீட்டில பூனை மாதிரி நிக்கும். வெளியில கொண்டு வந்தாத்தான் பேய் பிடிச்ச மாதிரி. திமிர் சேர். நல்லா ரெண்டு போட்டா அடங்கும் எண்டு நினைச்சன்."

இந்தத் "திமிர்" என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு ஆத்திரம் வருகிறது. மூன்று பேரும் இதையேதான் சொன்னார்கள். தம்பிமாரே, குதிரை கூட்டமாக வாழும் பிராணி. தன்னைப் பிடித்துத் தின்ன வரும் மிருகத்திடமிருந்து ஓடித் தப்பியே இத்தனை காலம் பிழைத்த இனம் அது. வீட்டில் ஒவ்வொரு மரமும் மணமும் சத்தமும் அதற்கு மனப்பாடம். வெளியில் எல்லாமே புதிது, பக்கத்தில் துணையும் இல்லை. அந்த நேரம் பொலித்தீன் படபடத்தால் அதன் கண்ணுக்கு அது பொலித்தீனாகத் தெரியாது. நிற்பதா ஓடுவதா என்று அது கணக்குப் பார்க்கும் நேரத்தில் நீங்கள் அடிக்கிறீர்கள். அது என்ன படிக்கும்? அந்தப் படபடப்பு வந்தால் வலிக்கும், இந்த மனிசன் பக்கத்தில் நின்றாலும் வலிக்கும். அடுத்த முறை அது உங்களுக்கு நேரம் தராது, தூரத்தில் கண்டதுமே ஓடும்.

"அடிச்ச உடனே அடங்கிற்று" என்பவர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். கீழ்த்தாடை எலும்பின் உள்விளிம்பில் விரலை வையுங்கள், நாடி துடிப்பது தெரியும். அமைதியாக நிற்கும் வளர்ந்த குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்கும். ஞாயிற்றுக்கிழமை அந்தக் குதிரை தலையைத் தொங்கப்போட்டு, கல்லு மாதிரி நின்றது. சுற்றி நின்றவர்கள் "இப்ப சாது" என்றார்கள். எண்ணிப் பார்த்தேன், 76. காயத்தின் வலியும் அதில் உண்டு. ஆனால் பிடரி முடிந்து முதுகு தொடங்கும் மேட்டில் விரல்களால் மெல்லச் சொறிந்துகொண்டே நின்றேன். குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் கோதிவிடும் இடம் அதுதான். ஐந்தாறு நிமிடத்தில் மூக்கால் நீளமாக மூச்சு விட்டது, உதட்டை நக்கியது. நாடி 58க்கு இறங்கியிருந்தது. அதன் பிறகுதான் ஊசியை எடுத்தேன்.

மாட்டைத் தட்டி ஓட்டிப் பழகிய கை இதைச் செய்கிறது என்று எனக்குத் தெரியும். மாட்டுக்கும் அடி கூடாது, அது வேறு கதை.

இனி எப்படிக் கொண்டுபோவது? முதல் வாரம் கடற்கரைப் பேச்சே வேண்டாம். படலைக்கு வெளியே பத்து நிமிடம், மேலே ஏறாமல், கயிற்றில் பிடித்து நடத்துங்கள். தினமும் ஒரே ஆள். பழகிய இன்னொரு குதிரை இருந்தால் கூட வரட்டும். அதன் தோளுக்குப் பக்கத்தில் நடவுங்கள். குதிரை கிட்டத்தட்டச் சுற்றிவரப் பார்க்கும், ஆனால் நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் அதற்குத் தெரியாது. அங்கே திடீரென்று தோன்றாதீர்கள்.

காது இரண்டையும் முன்னால் நீட்டி, மூக்கு விரிந்து, அது உறைந்து நின்றால் நீங்களும் நில்லுங்கள். கயிற்றைத் தளர்த்துங்கள். பார்க்கட்டும். அடங்கவில்லை என்றால் அது நிம்மதியாக நிற்கக்கூடிய தூரத்துக்குப் பின்வாங்கி, அங்கே தலையைத் தாழ்த்தும்வரை காத்திருங்கள். அது போதும், அன்றைக்கு வீட்டுக்குப் போங்கள். பதறும்போது அந்தப் பொருளுக்குக் கிட்ட இழுத்துப்போய் "பார், ஒண்டுமில்லை" என்று காட்டுவது நம்பிக்கையை உடைக்கும் வேலை. பொலித்தீனுக்குப் பழக்க வேண்டுமா? வீட்டிலேயே, அது புல் தின்னும் இடத்திலிருந்து தூரத்தில் கட்டுங்கள். பதறாமல் தின்றால் அடுத்த நாள் ஒரு முழம் கிட்டக் கொண்டுவாருங்கள்.

லொறிக்குள் ஏற மறுப்பதும் அடம் இல்லை. வெயிலிலிருந்து இருட்டுக்குக் கண் பழக அதற்கு எங்களைவிடக் கூடுதல் நேரம் வேண்டும். கதவைத் திறந்து வெளிச்சம் விடுங்கள், சில நாள் உள்ளேயே தீனி போடுங்கள்.

கயிற்றை ஒருபோதும் கையில் சுற்றாதீர்கள். மோட்டார் சைக்கிளிலோ கம்பி வேலியிலோ கட்டாதீர்கள். சீனவெடி கொளுத்தும் கலியாண வீட்டுக்கும் திருவிழாவுக்கும் பழக்கமில்லாத குதிரையைத் தயவுசெய்து கொண்டுபோகாதீர்கள். படம் எடுக்கப் பிள்ளைகளை ஏற்றிவிடவும் வேண்டாம்.

இதுவரை அமைதியாக இருந்த குதிரை திடீரென வெருளத் தொடங்கினால், அதைப் பழக்க நினைக்கும் முன் என்னைப் போன்ற ஒருவரிடம் காட்டுங்கள். வலப்பக்கம் வரும் எல்லாவற்றுக்கும் வெருண்ட ஒரு குதிரையைப் பார்த்திருக்கிறேன். வலக்கண்ணில் வெண்மை படர்ந்திருந்தது, பல நாள் அடி வாங்கியிருந்தது. கம்பி, ஆணி கீறினால் சின்னக் காயம் என்று மஞ்சள் பூசி விடாதீர்கள். ஏற்பு நோய்க்கு (டெட்டனஸ்) குதிரை மிக எளிதில் பலியாகும். அன்றைக்கே ஊசி போட வேண்டும்.

அந்தத் தம்பி கெட்டவர் இல்லை. தையல் முடியும்வரை கழுத்தைக் கட்டிப்பிடித்தபடி அழுதுகொண்டு நின்றார். "மறுகா இது என்னை நம்புமா சேர்?" என்று கேட்டார். நம்பும், மாதங்கள் எடுக்கும் என்றேன். கொண்டுபோய்க் காட்டுவதற்காகத் திரும்பவும் லொறியில் ஏற்ற வேண்டாம், தையல் பிரிக்க நானே வீட்டுக்கு வருகிறேன் என்றும் சொல்லியிருக்கிறேன்.