வன்னி மாடுகளுக்குக் குளிர்கால ஓட்ஸா?

காலபோக விதைப்பு முடிந்து வயல்கள் அடைக்கப்பட்டதும், ஒட்டுசுட்டான், மாங்குளம் பக்கத்துப் பட்டிக்காரர்கள் தீவனத்துக்கு வழி கேட்டு என்னிடம் வரத் தொடங்குவார்கள். எங்கும் பச்சையாகத் தெரியும் மார்கழியில் மாடு அரைவயிறாய்க் கிடப்பது வெளியூராருக்கு விளங்காது. மேய்ந்த வயல்கள் நெல்லாகிவிடும், மேய்ச்சல் தரவைகளில் வெள்ளம் நிற்கும், மிஞ்சுவது காடுதான். அப்படி வந்த ஒருவர், கைப்பேசியில் பார்த்துத் தருவித்த ஒரு விதைப் பையை மேசையில் வைத்தார். குளிர்காலத் தீவன ஓட்ஸ். "எங்கட மார்கழிக்குத் தோதுதானே, டொக்டர்?" என்று கேட்டார். பாதிப் பையை ஏற்கெனவே விதைத்துமிருந்தார்.

குளிர்கால ஓட்ஸ் என்பது, குளிர்நாடுகளில் இலையுதிர் காலத்தில் விதைக்கப்பட்டு, உறைபனியைத் தாங்கி, வசந்தத்தில் மீண்டும் எழும் பயிராகும். ஓட்ஸ் தன் மகரந்தத்தாலேயே கருவுறுவதால், புதிய இனம் உருவாக்குவோர் பூ விரியுமுன் மகரந்தப் பைகளை இடுக்கியால் அகற்றி, வேறோர் இனத்தின் மகரந்தத்தை இடுகிறார்கள். இரண்டாம் தலைமுறையில் சிதறி வெளிப்படும் இயல்புகளிலிருந்து தெரிவு செய்து, ஐந்தாறு தலைமுறை நிலைப்படுத்தி, பல இடங்களில் பரீட்சித்து வெளியிடப் பத்தாண்டளவு செல்லும். தானிய இனத்தில் மணியின் எடை பார்க்கப்படும். தீவன இனத்தில் இலைச் செழிப்பு, வெட்டியபின் தழைக்கும் வேகம், பூப்பதற்கு எடுக்கும் காலம், துருநோயைத் தாங்கும் திறன் ஆகியவை பார்க்கப்படும். குளிர்கால இனத்துக்கு இவற்றோடு உறைபனி என்ற பெரிய சல்லடையும் உண்டு. வன்னியில் அந்தச் சல்லடைக்கு வேலையே இல்லை.

அவரது கொட்டிலின் பின்புறம் போய்ப் பார்த்தேன். முளைத்திருந்தது உண்மை; ஆனால் நிலத்தோடு படுத்துத் தூர் விட்டதேயன்றி உயரவில்லை. ஓட்ஸ் நீண்ட பகலை வேண்டும் பயிர். குளிர்கால இனங்கள் பலவும் சில வாரக் குளிரைக் கண்ட பின்னரே தண்டெழுந்து கதிர் விடும். நமது மார்கழிப் பகலோ 12 மணித்தியாலத்துக்குக் குறைவு, இரவும் அந்தக் குளிரைத் தராது. தீவனத்துக்குக் கதிர் எதற்கு, இலை போதாதா என்று அவர் கேட்டது நியாயமான கேள்விதான். எனினும் தண்டெழாத பயிரில் ஒரு மாட்டுக்குக்கூட ஒரு கட்டு தேறாது. அடுத்த மழையில் நீர் தேங்கி, இருந்ததும் மஞ்சளித்துவிட்டது. வட இந்தியாவில் கென்ட் போன்ற தீவன ஓட்ஸ் நன்றாக வருகிறதே எனலாம். அங்கு அது பாசன நீரில், குளிர்ந்து வறண்ட மாதங்களில் வளர்கிறது.

வெளிநாட்டு விதையை அனுமதியின்றித் தருவிப்பது 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்துக்கு முரணானது என்பதையும் அவரிடம் சொன்னேன். விதையோடு நோயும் வரும்.

வெப்ப நிலத்துக்கென்றே உருவான கலப்புப் புல்லுக்கு நம் வேலியோரங்களே சாட்சி. கம்பு என்ற தானியப் பயிரையும் நேப்பியர் என்ற தீவனப் புல்லையும் கலந்து, கோயம்புத்தூர்த் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய கோ-3 அது. கம்பின் கலங்களில், மரபியல்புகளைச் சுமக்கும் நிறமூர்த்தங்கள் 14, நேப்பியரில் 28. இரண்டிலிருந்தும் பாதி பாதி சேர்ந்து கலப்பில் 21 வரும்; அவை சரியாகச் சோடி சேராததால் அது வளமான விதை தராது, தண்டுத் துண்டங்களை நட்டுத்தான் பெருக்க வேண்டும். ஆகவே கோ-3 விதை என்று எவர் பை நீட்டினாலும் அது கோ-3 அல்ல. இப்புல்லும் தேங்கிய நீரைப் பொறுக்காது என்பதால், மேட்டுப்பக்கம் பார்த்து, இரண்டு மூன்று கணுவுள்ள துண்டங்களை அவரிடம் நடச் சொன்னேன். கோடைக்கு நீர் இறைக்க முடிந்த அளவுக்கே நட வேண்டும் என்பதையும் வற்புறுத்தினேன்.

மீதிப் பையைக் கோழிக்குப் போடலாமா என்று புறப்படும்போது கேட்டார். விதையைக் கையில் எடுத்துப் பார்த்தேன். இளஞ்சிவப்பாகப் பூஞ்சண மருந்து பூசியிருந்தது. கோழிக்கும் ஆகாது, மாட்டுக்கும் ஆகாது என்று சொல்லி, பையை அங்கேயே வாங்கி வைத்துக்கொண்டேன்.