62 பேருக்கும் இரண்டு, 38 பேருக்கும் இரண்டு

போன வாரம் ஒரு கல்லூரி மாணவி எழுதிக் கேட்டிருந்தார்: "2024 பிரைமரியில் மக்கள் பைடனுக்குத்தானே ஓட்டுப் போட்டார்கள்? ஜனாதிபதி வேட்பாளராகக் கமலா ஹாரிஸுக்கு யாரும் ஓட்டே போடவில்லையே, அவர் எப்படி வேட்பாளர் ஆனார்?" ஹாரிஸின் தாய்வழித் தாத்தாவின் ஊரான துளசேந்திரபுரம் கோயிலில் அவருக்காகப் பூஜை நடந்த நாட்களில் நம் ஊரில் பலருக்கும் இந்தச் சந்தேகம் வந்திருக்கும்.

பதில் சின்னதுதான். பிரைமரி என்பது ஒரு கட்சியின் வேட்பாளர் யார் என்பதற்காக மாநிலம் மாநிலமாக நடக்கும் ஓட்டெடுப்பு. பிரைமரியில் விழும் ஓட்டு நேராக வேட்பாளரிடம் போவதில்லை, கட்சியின் தேசிய மாநாட்டுக்குப் போகும் பிரதிநிதிகளாக மாறுகிறது. மாநாட்டில் வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பது அந்தப் பிரதிநிதிகள்தான். தங்களை அனுப்பியவர்களின் விருப்பத்தை மனசாட்சிப்படி பிரதிபலிக்க வேண்டும் என்பது ஜனநாயகக் கட்சியின் விதி. 2024 ஜூலை 21-ஆம் தேதி பைடன் விலகியதும் அவருக்காகத் தேர்வானவர்களுக்குக் கட்டு எதுவும் இல்லாமல் போனது. ஆகஸ்ட் 5-ஆம் தேதி முடிந்த இணையவழி வாக்கெடுப்பில் அவர்கள் ஹாரிஸைத் தேர்ந்தெடுத்தார்கள்.

சரி, கேள்விக்குப் பதில் சொல்லியாயிற்று. எனக்குப் பிடித்த விஷயம் இதற்கு முன்னாலேயே நடந்து முடிந்துவிடுகிறது. ஓட்டு எப்படிப் பிரதிநிதியாக மாறுகிறது?

ஓர் உதாரணம். 2024 ஜனவரியில் அயோவா மாநிலத்தில் குடியரசுக் கட்சியின் காக்கஸ் நடந்தது, அதாவது பிரைமரிக்குப் பதிலாகக் கட்சிக்காரர்கள் பகுதி பகுதியாகக் கூட்டம் கூடித் தங்கள் வேட்பாளரைச் சொல்லும் முறை. விவேக் ராமசாமிக்குக் கிடைத்தது 8 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு, அதற்கு 3 பிரதிநிதிகள். அதற்கு நான்கு வருடம் முன்னால், 2020 பிப்ரவரியில், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் ஜனநாயகக் கட்சி பிரைமரியில் ஜோ பைடன் 8 சதவீதத்துக்கும் சற்று மேல் வாங்கினார், அவருக்குக் கிடைத்த பிரதிநிதிகள் பூஜ்யம். குறைவாக வாங்கியவருக்கு மூன்று, கூட வாங்கியவருக்கு ஒன்றுமில்லை. இரண்டு கட்சிகளும் போடும் கணக்கு வேறு வேறு.

ஜனநாயகக் கட்சியின் கணக்கை முதலில் பார்ப்போம், அதுதான் நாடு முழுக்க ஒரே மாதிரி. 15 சதவீதம் வாங்காதவர்களின் ஓட்டைத் தனியே எடுத்து வைத்துவிடுவார்கள். மிச்சமிருப்பவர்களின் ஓட்டை மட்டும் நூறாக வைத்து விகிதம் போட்டு, அதைப் பிரதிநிதிகளின் எண்ணிக்கையால் பெருக்குவார்கள். முழு எண்கள் முதலில் போகும், மிஞ்சிய இடங்கள் யாருடைய பின்னம் பெரிதோ அவருக்குப் போகும். நியூ ஹாம்ப்ஷயரில் சாண்டர்ஸ், புட்டிஜெஜ், க்ளோபுச்சார் மூவர் மட்டுமே 15-ஐத் தாண்டினார்கள். இருந்த 24 பிரதிநிதிகளும் 9, 9, 6 என்று அவர்களுக்குள்ளேயே பிரிந்துபோனார்கள். வாரனும் பைடனும் சேர்ந்து வாங்கிய 17 சதவீதத்துக்கும் மேலான ஓட்டுக்கு ஒரு நாற்காலிகூடக் கிடைக்கவில்லை. அந்தப் பைடன்தான் அந்த ஆண்டு நவம்பரில் ஜனாதிபதித் தேர்தலில் ஜெயித்தார்.

இந்தக் கணக்கை மாநிலம் முழுவதற்கும் ஒரே ஒரு தடவை போட்டால் பெரிய வித்தியாசம் வராது. பெரும்பாலான பிரதிநிதிகளை நாடாளுமன்றத் தொகுதி வாரியாகத் தனித்தனியே பிரிக்கிறார்கள், விஷயமே அங்கேதான் இருக்கிறது. ஒரு தொகுதிக்கு 4 பேர், பக்கத்துத் தொகுதிக்கு 5 பேர், இன்னொன்றுக்கு 3 பேர் என்று, முந்தைய தேர்தல்களில் அங்கே கட்சிக்கு இருந்த பலத்தைப் பார்த்து முன்கூட்டியே ஒதுக்கிவிடுவார்கள். இவ்வளவு சின்ன எண்களை முழுசாக்கும்போது விசித்திரங்கள் நடக்கும்.

இரண்டு பேர் மட்டும் போட்டியிடுகிறார்கள் என்று வையுங்கள். 4 பிரதிநிதிகள் உள்ள தொகுதியில் ஒருவர் 60 சதவீதம் வாங்குகிறார், எந்தத் தேர்தலிலும் இது அமோக வெற்றி. நாலை 0.6-ஆல் பெருக்கினால் 2.4. எதிரிக்கு 1.6. முழு எண்படி அவருக்கு 2, இவருக்கு 1, மிஞ்சியது ஓர் இடம். பெரிய பின்னம் யாருடையது? தோற்றவருடையது. ஆக 2-க்கு 2. இருபது சதவீத வித்தியாசத்தில் ஜெயித்தும் எதிரியைவிட ஒரு பிரதிநிதி அதிகமாகக் கிடைக்கவில்லை! மூன்றாவது பிரதிநிதி வேண்டுமென்றால் 62.5 சதவீதத்தைத் தாண்டியாக வேண்டும்.

இப்போது பக்கத்துத் தொகுதிக்கு வாருங்கள், அங்கே 3 பிரதிநிதிகள். ஒருவர் பாதிக்கு மேல் ஒரே ஒரு ஓட்டு கூட வாங்கினாலும் 2-க்கு 1. ஐந்து இருந்தாலும் அப்படியே, 3-க்கு 2. ஒற்றைப்படைத் தொகுதியில் ஒரு ஓட்டு முன்னிலை போதும், இரட்டைப்படைத் தொகுதியில் மலையைப் புரட்ட வேண்டும். இரட்டைப்படையில் எவ்வளவு வேண்டும் என்பதற்கு ஒரு சின்ன வழி உண்டு: 50-ஐப் பிரதிநிதிகளின் எண்ணிக்கையால் வகுத்து, வந்ததை 50-உடன் கூட்டுங்கள். நாலுக்கு 62.5, ஆறுக்கு ஏறக்குறைய 58.3, எட்டுக்கு 56.25. எண்ணிக்கை கூடக் கூட இந்தப் பிடிவாதம் தளரும். முதல்முதலாக இதைக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தபோது, கணக்கில் எங்கோ தப்பு என்று நினைத்து மூன்று முறை திரும்பப் போட்டேன். தப்பே இல்லை. அன்று ராத்திரி நெடுநேரம் தூக்கம் வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

இதே கணக்கைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் 2020 வரை அயோவாவில் ஜனநாயகக் கட்சி நடத்திய காக்கஸைத்தான் சொல்ல வேண்டும். வாக்குப்பெட்டி கிடையாது. பிப்ரவரிக் குளிரில், நம் பூத் அளவுக்கான ஒரு சின்னப் பகுதியின் கட்சிக்காரர்கள் பள்ளிக்கூட விளையாட்டரங்கிலோ சர்ச் கூடத்திலோ சாயங்காலம் கூடி, தங்கள் வேட்பாளருக்கான மூலையில் போய் நிற்பார்கள். நூறு பேர் வந்திருக்கிறார்கள், அந்தப் பகுதிக்கு 4 பிரதிநிதிகள் என்று வைத்துக்கொள்வோம். முதல் எண்ணிக்கையில் ஒரு மூலையில் 54, இன்னொன்றில் 34, சன்னலோரம் 12. பதினைந்து பேர் சேராத மூலை செல்லாது. ஆகவே சன்னலோரத்துப் பன்னிரண்டு பேரும் இடம் மாறலாம், மற்றவர்கள் அசையக் கூடாது என்பது 2020-இன் விதி. இரண்டு மூலைகளிலிருந்தும் ஆட்கள் வந்து அந்தப் பன்னிரண்டு பேரிடம் பேசுகிறார்கள். எல்லாம் ஒரே தெருக்காரர்கள். எட்டுப் பேர் முதல் மூலைக்கும் நாலு பேர் இரண்டாவது மூலைக்கும் போகிறார்கள். இப்போது 62-க்கு 38. நாலால் பெருக்கி நூறால் வகுத்தால் 2.48, 1.52. முழுசாக்கினால் இரண்டு, இரண்டு.

அந்த நாலு பேரில் ஒரே ஒருவர் மனசு மாறி எதிர் மூலைக்குப் போயிருந்தால்? 63-க்கு 37. கணக்கு 2.52, 1.48. மூன்று, ஒன்று. அந்த மனிதர் நடக்கும் பத்தடி தூரத்தில் ஒரு பிரதிநிதி இடம் மாறுகிறார், அவருக்கு முன்னால் அதே மூலைக்குப் போன எட்டுப் பேரால் எதுவும் மாறவில்லை.

80 பேர் வந்து 50-க்கு 30 என்று நின்றால் இன்னும் அழகு. 2.5, 1.5. பின்னம் இரண்டும் சமம், நாணயம்தான் சுண்ட வேண்டும், 2016-லும் 2020-லும் சில இடங்களில் உண்மையிலேயே சுண்டினார்கள்.

இந்த அறைகளில் தேர்வாகிறவர்கள் மாவட்ட மாநாட்டுக்குத்தான் போவார்கள், தேசிய எண்ணிக்கை அதிலிருந்து கணக்கிடப்படும். எந்த அறைக்கு எத்தனை பேர் என்பது முன்பே முடிவான எண். அன்று அந்த அறை நிரம்பி வழிந்தாலும் அது ஏறாது. 2020-இல் சுமார் 1,700 அறைகளில் இப்படித் தனித்தனியே முழுசாக்கிக் கூட்டியபோது என்ன ஆயிற்று? தலை எண்ணிக்கையில், முதல் சுற்றிலும் இறுதிச் சுற்றிலும், முன்னால் நின்றவர் பெர்னி சாண்டர்ஸ். தேசியப் பிரதிநிதிகளில் புட்டிஜெஜுக்கு 14, சாண்டர்ஸுக்கு 12. முடிவு வரத் தாமதமான அன்று சதி என்று நிறையப் பேர் எழுதினார்கள். இந்த இரண்டு எண் வித்தியாசத்துக்குச் சதி தேவையில்லை, எங்கே முழுசாக்குகிறோம் என்பதும் முன்கூட்டிய ஒதுக்கீடும் போதும்.

இந்தக் கணக்கு தேர்தலையே திருப்பக்கூடியது என்பதற்கு, ஜனநாயகக் கட்சிக்குள் கிளின்டனும் ஒபாமாவும் மோதிய 2008-ஐச் சொல்வேன். ஜனவரியில் நெவாடா காக்கஸில் ஹிலரி கிளின்டன் சுமார் 51-க்கு 45 சதவீதம் என்று ஜெயித்தார், ஆனால் வட நெவாடாவில் வலுவாக இருந்த ஒபாமாவுக்குத் தேசியப் பிரதிநிதிகள் 13, கிளின்டனுக்கு 12. அடுத்த மாதம் பிப்ரவரி 5-ஆம் தேதி, ஒரே நாளில் இரண்டு மாநிலங்கள். நியூ ஜெர்சியில் 11 லட்சத்துக்கும் மேல் ஓட்டுப் பதிவாகி, ஒரு லட்சத்துக்கும் அதிகமான வித்தியாசத்தில் கிளின்டன் ஜெயித்தார்: பிரதிநிதிகள் 59-க்கு 48. லாபம் 11 பிரதிநிதிகள். ஐடஹோ காக்கஸுக்கு வந்தவர்களே சுமார் 21,000 பேர், அதில் ஏறக்குறைய 80 சதவீதம் ஒபாமாவுக்கு: பிரதிநிதிகள் 15-க்கு 3. லாபம் 12. நியூ ஜெர்சி மாதிரி ஒரு பெரிய மாநிலத்தின் வெற்றியை உருளைக்கிழங்கு விளையும் ஐடஹோ ஒரே ராத்திரியில் ஈடுகட்டிவிட்டது. விகிதாசாரக் கணக்கில் நெருக்கமான வெற்றிக்கு மதிப்பு குறைவு, ஒருதலைப்பட்சமான வெற்றிக்குத்தான் மதிப்பு. ஒபாமாவின் ஆட்கள் இதைத் தெரிந்துகொண்டு சின்னச் சின்ன காக்கஸ் மாநிலங்களில் வேலை செய்தார்கள்.

குடியரசுக் கட்சியில் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அயோவாவில் குறைந்தபட்ச வரம்பு கிடையாது, நேரடி விகிதம். 40 பிரதிநிதிகளில் டிரம்ப்புக்கு 20, டிசாண்டிஸுக்கு 9, ஹேலிக்கு 8, ராமசாமிக்கு 3. கலிஃபோர்னியாவில் 2024-இல் 50 சதவீதத்தைத் தாண்டியவருக்கு 169 பேரும். அந்த 169 எங்கிருந்து வந்தது தெரியுமா? 52 தொகுதிகளுக்குத் தலா 3, அது 156. மாநிலத்துக்குப் பொதுவாக 10. கட்சி நிர்வாகிகள் 3. குடியரசுக் கட்சிக்காரர்கள் அபூர்வமாகவே வாழும் சான் பிரான்சிஸ்கோவின் தொகுதிக்கும் மூன்று, அவர்கள் கோட்டையாக இருக்கும் தொகுதிக்கும் மூன்று. தென் கரோலினாவில் 2016-இல் மாநில அளவில் முதலிடம் பிடித்தவருக்கு 29, ஏழு தொகுதிகளில் ஒவ்வொன்றிலும் முதலிடம் பிடித்தவருக்கு மூன்று மூன்று. டிரம்ப் வாங்கியது மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவான ஓட்டு, ஏழு தொகுதிகளிலும் அவர்தான் முதல், 50 பேரும் அவருக்கே. மூன்றில் இரண்டு பங்கு ஓட்டுக்கு ஒருவரும் இல்லை. என்னைக் கேட்டால் இது நியாயமில்லை, 4 பேர் தொகுதியின் பிடிவாதம் எவ்வளவோ மேல்.

திரும்ப அந்தப் பின்னத்துக்கே வருகிறேன், விட மனசில்லை. பெரிய பின்னத்துக்கு மிஞ்சிய இடம் என்ற முறை அமெரிக்காவின் முதல் நிதியமைச்சர் அலெக்சாண்டர் ஹாமில்டன் சொன்னது. நாடாளுமன்ற இடங்களை மாநிலங்களுக்குப் பிரிக்க அவர் தந்த யோசனைப்படி வந்த மசோதாவை 1792-இல் ஜார்ஜ் வாஷிங்டன் திருப்பி அனுப்பினார், அமெரிக்க ஜனாதிபதி ஒருவர் பயன்படுத்திய முதல் வீட்டோ அதுதான். பின்னால் அந்த முறை நடைமுறைக்கு வந்தது. 1880 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பிறகு அந்த அலுவலகத்தில் ஒருவர் உட்கார்ந்து, மொத்த இடங்களை ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்த்தார். 299 இடங்கள் என்றால் அலபாமாவுக்கு 8, 300 என்றால் 7. மொத்தம் கூடுகிறது, ஒருவருடைய பங்கு குறைகிறது!

பிரைமரியிலும் இது வரும், நீங்களே போட்டுப் பாருங்கள். ஆயிரம் ஓட்டு, மூன்று பேர்: 425, 425, 150. மூன்றாமவர் சரியாக 15 சதவீதம், வரம்பில் தேறிவிட்டார். 10 பிரதிநிதிகள் என்றால் 4.25, 4.25, 1.5. பெரிய பின்னம் மூன்றாமவருடையது, ஆக 4, 4, 2. இப்போது 11 பிரதிநிதிகள். 4.675, 4.675, 1.65. மிஞ்சிய இரண்டு இடமும் மற்ற இருவருக்கு, ஆக 5, 5, 1. ஓர் ஓட்டும் மாறவில்லை, பிரதிநிதி ஒருவர் கூடியதால் மூன்றாமவர் ஒருவரை இழந்தார். வேறு முறைக்குப் போனால் இந்தக் கோளாறு போய் இன்னொன்று வரும். எல்லாக் கோளாறும் இல்லாத முறை சாத்தியமே இல்லை என்று பாலின்ஸ்கி, யங் என்ற இரண்டு அறிஞர்கள் நிரூபித்திருக்கிறார்கள்.

இது கணிதம். இதற்கு ஆய்வகம் வேண்டாம், கருவி வேண்டாம், யோசிக்க நேரமும் சம்பளமும் உள்ள நாலு பேர் போதும். நம் பல்கலைக்கழகங்கள் இந்தத் துறைக்கு ஒழுங்காகப் பணம் ஒதுக்க வேண்டும் என்று நான் மனசார விரும்புகிறேன். தேர்தல் வந்தால் தலைவர்களின் ஜாதகத்தைக் கட்டம் போட்டு விளக்குவதற்கு டிவியில் கிடைக்கும் நேரத்தில் கால்வாசி இந்தப் பின்னங்களுக்குக் கிடைத்தால், பத்தாவது படிக்கும் பிள்ளை முடிவு இரவன்று தானே கணித்துச் சொல்லும்.

2028 பிரைமரிக்கு முன்னால் ஜனநாயகக் கட்சியின் மாநிலக் கிளைகள் பிரதிநிதிகளைப் பிரிக்கும் திட்டத்தை வெளியிடும், அதில் தொகுதி வாரியாக எண்கள் இருக்கும். கேள்வி கேட்ட மாணவி அந்தப் பட்டியலை எடுத்து ஒற்றைப்படைத் தொகுதிகளுக்குப் பென்சிலால் வட்டம் போட்டு வைத்துக்கொள்ளட்டும். இருவர் போட்டி என்றால் வட்டத்துக்குள் 50 சதவீதத்தையும், 4 பேர் தொகுதிகளில் 62.5-ஐயும் பார்த்துக்கொண்டு உட்காரலாம்.