தோட்டாவும் மரக்கட்டையும்: உந்தக் கணக்கில் சறுக்கும் இடம்

உந்தக் கணக்கில் (உந்தம் என்பது நிறை × வேகம்) திணறுபவர்களிடம் சூத்திரம் கேட்டால் மளமளவென்று ஒப்பித்துவிடுவார்கள். எந்தக் கட்டத்தில் எந்த விதியை எடுப்பது என்பதில்தான் சிக்கல். பத்துக் கணக்குகளை ஓட்டமாகப் போடுவதை விட, ஒரே கணக்கை நிதானமாகப் பிரித்துப் பார்ப்பது இதற்கு நல்ல மருந்து.

கயிற்றில் 1.99 கிலோ மரக்கட்டை தொங்குகிறது. 10 கிராம் தோட்டா ஒன்று கிடைமட்டமாக வந்து அதில் பாய்ந்து உள்ளேயே தங்கிவிடுகிறது. இரண்டும் சேர்ந்து ஊசலாடி 5 செ.மீ. உயரம் எழும்புகின்றன. தோட்டா வந்த வேகம் என்ன?

இது வெறும் பாடப்புத்தகக் கற்பனை இல்லை. பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயர் 1742-இல் வெளியிட்ட முறை. ஊசலில் ஒரு நாடாவைக் கட்டி, அது எவ்வளவு இழுபட்டது என்று அளந்தே துப்பாக்கிக் குண்டு ஒலியை விட வேகமாகப் பாய்வதைக் கண்டுபிடித்தார்.

பலர் போடும் வழி இது: தோட்டாவின் இயக்க ஆற்றல் முழுவதும் கடைசியில் நிலை ஆற்றலாக (உயரத்தால் வரும் ஆற்றல்) மாறியிருக்க வேண்டும். புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்று வைத்தால் நிலை ஆற்றல் 2 × 10 × 0.05 = 1 ஜூல். அதிலிருந்து தோட்டாவின் வேகம் வினாடிக்கு சுமார் 14 மீட்டர். அதாவது மணிக்கு 51 கிலோமீட்டர்; ஒரு பைக்கின் வேகம்! விடை வந்ததும் இப்படி ஒரு முறை முறைத்துப் பார்க்கும் பழக்கம் இருந்தாலே பாதித் தவறுகள் பிடிபட்டுவிடும்.

சரி, எங்கே பிசகியது? நடந்தவை இரண்டு வேறு நிகழ்ச்சிகள். முதலாவது மோதல். தோட்டா மரத்தில் 5 செ.மீ. புதைந்து நிற்க ஏறத்தாழ 0.0005 வினாடி போதும். அதற்குள் கட்டை கால் மில்லிமீட்டர்தான் நகர்ந்திருக்கும். கயிறு இன்னும் செங்குத்தாகவே இருப்பதால் கிடைமட்டத்தில் வெளிவிசை ஏதுமில்லை, உந்தம் மாறாது. ஆனால் மரம் கிழிகிறது, சூடாகிறது. இயக்க ஆற்றல் குறைகிறது.

அப்புறம்தான் ஊசலாட்டம். இதில் நிலைமை தலைகீழ். ஈர்ப்பும் கயிற்றின் இழுவிசையும் சேர்ந்து உந்தத்தை நொடிக்கு நொடி மாற்றுகின்றன. ஆனால் இழுவிசை எப்போதும் நகரும் திசைக்குச் செங்குத்தாக இருப்பதால் வேலை எதுவும் செய்வதில்லை. ஆகவே இங்கே மாறாமல் இருப்பது மொத்த ஆற்றல்.

இனி கடைசியிலிருந்து பின்னோக்கி வருவோம். 5 செ.மீ. எழும்பத் தேவையான வேகம் √(2 × 10 × 0.05), அதாவது வினாடிக்கு 1 மீட்டர். மோதல் முடிந்ததும் இருந்த உந்தம் 2 × 1 = 2. அத்தனையும் 10 கிராம் தோட்டா கொண்டு வந்தது. 2-ஐ 0.01-ஆல் வகுத்தால் வினாடிக்கு 200 மீட்டர். இது தோட்டாவின் வேகம் போல இருக்கிறது. தோட்டா கொண்டு வந்த ஆற்றல் 200 ஜூல்; மோதலுக்குப் பின் மிஞ்சியது 1 ஜூல். 199 ஜூல் மரத்துக்குள்ளேயே போய்விட்டது.

இன்னொரு கேள்வியையும் போட்டுப் பாருங்கள். அதே தோட்டா புதையாமல், ஆற்றல் இழப்பே இல்லாமல், அதே எடைக் கட்டையில் பட்டுத் திரும்பித் தெறித்தால்? அது வினாடிக்கு 198 மீட்டர் வேகத்தில் எதிர்த்திசையில் போகும். திசை மாறினால் குறியும் மாறும் என்பதால் அதன் உந்த மாற்றம் புதைந்தபோது இருந்த 1.99 இல்லை, 3.98. கட்டைக்குக் கிடைக்கும் வேகம் இரட்டிப்பாகி வினாடிக்கு 2 மீட்டர். அது எழும்பும் உயரமோ நான்கு மடங்கு, 20 செ.மீ.