வேலையை விட்டு ஜப்பானுக்கு மொழி படிக்கப் போகும் முன் போட வேண்டிய கணக்கு

தகவல் தொழில்நுட்பத் துறையிலும் வாகன உற்பத்தித் துறையிலும் ஐந்தாறு ஆண்டுகள் பணியாற்றிய பிறகு, வேலைக்கு ஓராண்டோ இரண்டாண்டோ இடைவெளி விட்டு ஜப்பானில் மொழி படிக்க விரும்பும் இளைஞர்கள் தொழில்வழி ஆலோசனைக்கு வரும்போது, பெரும்பாலும் அவர்கள் கையில் மொழிப் பள்ளிகளின் பட்டியல் ஒன்று இருக்கும். டோக்கியோவா ஒசாகாவா, எங்கே கட்டணம் குறைவு, எந்தப் பள்ளி வேலை வாங்கித் தரும் என்பவையே அவர்களுடைய கேள்விகள். நான் முதலில் கேட்பது, இன்றைய தேதியில் உங்களுக்கு எவ்வளவு ஜப்பானிய மொழி தெரியும் என்பதை. "ஒன்றும் தெரியாது, அதற்காகத்தானே போகிறேன்" என்று பதில் வந்தால், பயணத்தை ஓராண்டாவது தள்ளிப்போடும்படி சொல்வது என் வழக்கம். போகத் துடிப்பவருக்கு இது பிடிக்காது. ஆகவே காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

ஜப்பானிய மொழிப் பள்ளியில் படிப்பதற்கு வழங்கப்படும் மாணவர் விசாவில் அதிகபட்சம் 2 ஆண்டுகளே படிக்க முடியும். ஏப்ரலில் சேர்பவருக்கு அந்த 2 ஆண்டுகள் முழுமையாகக் கிடைக்கும். ஜூலையில் சேர்ந்தால் 1 ஆண்டு 9 மாதம், அக்டோபரில் ஒன்றரை ஆண்டு, ஜனவரியில் ஒன்றேகால் ஆண்டு என்று காலம் குறைந்துகொண்டே வரும். வகுப்பு அரை நாள்தான். வாரத்துக்கு 20 பாடவேளை. ஆண்டுக்குக் குறைந்தது 760 பாடவேளை என்பது அரசு வகுத்த அளவுகோல். ஒரு பாடவேளை 45 நிமிடம் என்று கொண்டால், ஓராண்டு முழுவதும் வகுப்பில் உட்காரும் நேரம் 570 மணிதான். வேலை, சம்பளம், சேமிப்பு எல்லாவற்றையும் ஈடாக வைத்து வாங்கும் நேரம் இவ்வளவே என்பதை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

இந்த நேரத்தை எதற்குச் செலவிடுவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஜே.எல்.பி.டி. எனப்படும் ஜப்பானிய மொழித் திறன் தேர்வு என்5 முதல் என்1 வரை ஐந்து நிலைகளைக் கொண்டது. என்5 எளியது, என்1 கடினமானது. ஜப்பானிய மொழியிலேயே வேலை நடக்கும் அலுவலகங்கள் பெரும்பாலும் எதிர்பார்ப்பது என்2. 2009 வரை நடைமுறையில் இருந்த பழைய தேர்வில், இதற்கு இணையான இரண்டாம் நிலைக்கு சீன எழுத்திலிருந்து வந்த காஞ்சி எழுத்துகள் ஏறத்தாழ 1,000-உம் 6,000 சொற்களும் தெரிந்திருக்க வேண்டும் என்று வரையறுத்திருந்தார்கள். இப்போது அதிகாரபூர்வமான சொற்பட்டியல் இல்லாவிட்டாலும், ஆசிரியர்கள் இன்றும் அதையொட்டியே பேசுகிறார்கள். ஒன்றும் தெரியாமல் போகிறவர் ஹிரகானா, கதகானா எழுத்துகளிலும், வினைச்சொல் மாற்றங்களிலும், கடையில் விலை கேட்கும் உரையாடல்களிலும் முதல் ஆறேழு மாதங்களைக் கழிக்கிறார். இவை அத்தனையையும் சென்னையிலோ கோவையிலோ மாலை வகுப்பில் உட்கார்ந்து, சம்பளம் வாங்கிக்கொண்டே படித்துவிடலாம். என்4 வரைக்கும் ஜப்பான் மண்ணில் போய்ப் படிக்க வேண்டிய அவசியம் எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. தேர்வும் ஆண்டுக்கு இரண்டு முறை, ஜூலையிலும் டிசம்பரிலும், சென்னையிலேயே நடக்கிறது.

தமிழ் பேசுபவர்களுக்கு இலக்கணம் ஒரு நல்ல தொடக்கத்தைத் தருகிறது. வினை இறுதியில் வருவதும், வேற்றுமை உருபுகளைப் போன்ற இடைச்சொற்கள் பெயருக்குப் பின்னால் ஒட்டுவதும், "செய்து பார்", "வாங்கி வை" என்பதுபோல் ஒரு வினையெச்சத்தோடு துணைவினை சேர்வதும் அங்கேயும் உண்டு. (சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் இரண்டு மொழிகளுக்கும் உறவு உண்டு என்றே வாதிட்டார், மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை.) ஆனால் வகுப்பறையில் நம்மைப் பின்தள்ளுவது காஞ்சி. பக்கத்து இருக்கைகளில் சீனாவிலிருந்தும் தைவானிலிருந்தும் வந்தவர்கள் இருப்பார்கள். எழுத்தின் பொருள் அவர்களுக்கு முன்பே தெரியும், உச்சரிப்பை மட்டும் கற்றால் போதும். பாடத்தின் வேகமும் அவர்களுக்கு ஏற்றபடியே அமைந்துவிடுவது உண்டு. எனவே பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டணத்துக்கு முன்பாகக் கேட்க வேண்டியது, காஞ்சிப் பின்னணி இல்லாத நாடுகளிலிருந்து வரும் மாணவர்களுக்குத் தனி வகுப்போ கூடுதல் பயிற்சியோ உண்டா என்பதுதான். அங்கே போகும் முன் முந்நூறு எழுத்துகளையாவது கையால் எழுதிப் பழகியவருக்கும், அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தவருக்கும் முதல் மாதத்திலேயே வேறுபாடு தெரிந்துவிடும்.

ஜப்பானில் மட்டும் கிடைப்பது பேச்சு. ஜே.எல்.பி.டி. தேர்வில் பேச்சுப் பகுதியும் இல்லை, எழுதும் பகுதியும் இல்லை; சொல், இலக்கண அறிவும் படித்தலும் கேட்டலும் மட்டுமே. என்2 சான்றிதழ் வைத்திருந்தும் வாடிக்கையாளரின் தொலைபேசி அழைப்பை எடுக்கத் தயங்குபவர்கள் இதனால்தான் உருவாகிறார்கள். மேலதிகாரியிடமும் வாடிக்கையாளரிடமும் பேச வேண்டிய கெய்கோ என்னும் மரியாதை வழக்கு, கூட்டத்தில் மறுப்பைக்கூட மறுப்பாகச் சொல்லாமல் தெரிவிக்கும் முறை, நகராட்சி அலுவலகத்திலிருந்து வரும் கடிதத்தைப் படித்துப் பதில் தரும் திறன் ஆகியவற்றை இங்கிருந்தபடி கற்பது மிகவும் கடினம். இடைவெளி எடுப்பது இவற்றுக்காக என்றால், அந்தச் செலவுக்குப் பொருள் உண்டு.

இந்த இடத்தில்தான் அருபைத்தோ எனப்படும் பகுதிநேர வேலை குறுக்கே வருகிறது. மாணவர் விசாவில் இருப்பவர், குடிவரவுத் துறையிடம் அனுமதி பெற்று வாரத்துக்கு 28 மணி நேரமும், பள்ளியின் நீண்ட விடுமுறைகளில் நாளுக்கு 8 மணி நேரமும் வேலை செய்யலாம். டோக்கியோவில் குறைந்தபட்ச ஊதியம் 2024 அக்டோபரில் மணிக்கு 1,163 யென் ஆனது. அந்தக் கணக்கில் 28 மணி நேரமும் உழைத்தால் நான்கு வாரத்துக்கு 1 லட்சத்து 30 ஆயிரம் யென் கிடைக்கும். சிக்கனமாக இருப்பவரின் அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் அது ஏறத்தாழச் சரியாகிவிடும். ஆண்டுக்கு 7 முதல் 9 லட்சம் யென் வரை ஆகும் பள்ளிக் கட்டணத்துக்கு அதிலிருந்து மிஞ்சாது. அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. மொழி தெரியாதவருக்கு முதலில் கிடைப்பது மதிய உணவுப் பெட்டி தயாரிக்கும் தொழிற்சாலையிலோ சரக்குக் கிடங்கிலோ இரவு வேலை. அங்கே வாய் திறக்கவே தேவை இருக்காது. காலை வகுப்பில் தூக்கம், வருகைப்பதிவில் சரிவு என்று அது தொடரும். வருகை 80 விழுக்காட்டுக்குக் கீழே போனால் விசா நீட்டிப்பில் சிக்கல் வரும் என்று பள்ளிகளே எச்சரிக்கின்றன. இங்கேயே என்4 முடித்துச் சென்றவருக்கு உணவகத்திலோ கடையிலோ மனிதர்களோடு பேசும் வேலை கிடைக்க வாய்ப்பு அதிகம்; அதே 28 மணி நேரம் அவருக்குப் பயிற்சியாகவும் ஆகிறது.

28 மணி நேர வரம்பை மீறினால் கண்டுபிடிக்க மாட்டார்கள் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பின்னாளில் வேலை விசாவுக்கு மாற விண்ணப்பிக்கும்போது நகராட்சி தரும் வரிச் சான்றிதழைக் கேட்பார்கள். ஆண்டு வருமானம் அதில் இருக்கும். சென்னை நிறுவனத்துக்கே ரிமோட்டாக வேலை செய்துகொண்டு படிக்கலாமா என்றும் பலர் கேட்கிறார்கள். பொதுவாக வழங்கப்படும் 28 மணி நேர அனுமதி, வேலை நேரத்தை வெளியிலிருந்து உறுதிசெய்ய முடியாத ஒப்பந்தப் பணிகளுக்குப் பொருந்தாது. அவற்றுக்குத் தனி அனுமதி பெற வேண்டும். பள்ளி அலுவலகத்திடமும் குடிவரவுத் துறையிடமும் எழுத்தில் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது.

வீட்டுப் பக்கத்துக் கணக்கில் ஈ.எம்.ஐ.யை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். பெற்றோரின் மருத்துவக் காப்பீட்டைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நிறுவனத்தின் குரூப் இன்ஷூரன்ஸில் அப்பா, அம்மாவைச் சேர்த்திருந்தால், உங்கள் கடைசி வேலை நாளோடு அவர்களுடைய பாதுகாப்பும் முடிந்துபோகும். சர்க்கரை நோயோ இதயக் கோளாறோ உள்ளவருக்குப் புதிதாக பாலிசி எடுத்தால், ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்கு மூன்று ஆண்டுகள் வரை காத்திருப்புக் காலம் இருக்கலாம். அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறிக்கொள்ள விதிகள் இடம் தருகின்றன. அதற்கான விண்ணப்பத்தை வேலையை விடும் முன்பே மனிதவளத் துறை வழியாகத் தொடங்கிவிட வேண்டும். பி.எஃப். பணத்தை இந்தப் பயணத்துக்காக எடுப்பதையும் நான் ஆதரிப்பதில்லை. தொடர்ச்சியாக ஐந்து ஆண்டுப் பணி முடியும் முன் எடுத்தால் வரி உண்டு. ஓய்வூதியத்துக்குத் தேவையான பத்தாண்டுப் பணிக்கால எண்ணிக்கையும் கலைந்துபோகலாம்.

எல்லோருக்கும் இந்த இடைவெளி தேவை என்றும் சொல்ல முடியாது. நல்ல அனுபவமுள்ள மென்பொருள் உருவாக்குநரை ஜப்பானிய மொழி தெரியாமலேயே வேலைக்கு எடுக்கும் நிறுவனங்கள் அங்கே உண்டு. ராக்குட்டன் என்ற இணைய வணிக நிறுவனம் 2012 முதல் ஆங்கிலத்தையே அலுவலக மொழியாக வைத்திருக்கிறது. அப்படிப்பட்டவர் நேரடியாக வேலைக்குப் போய், மாலையில் மொழி படிப்பதே மேல். இடைவெளியால் உண்மையில் பயன் பெறுபவர்கள் வேறு சிலர்: ஜப்பானிய வாடிக்கையாளருக்கும் இங்குள்ள அணிக்கும் நடுவில் நிற்கும் பிரிட்ஜ் எஸ்.இ. (பிரிட்ஜ் சிஸ்டம்ஸ் இன்ஜினியர்) பணிக்குப் போக விரும்புபவர்கள், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பகுதிகளில் உள்ள ஜப்பானிய நிறுவனங்களில் தரக் கட்டுப்பாடு, கொள்முதல் போன்ற பிரிவுகளில் மேலே செல்ல நினைப்பவர்கள், மொழிபெயர்ப்பைத் தொழிலாக எடுத்துக்கொள்பவர்கள். மொழி மட்டும் போதும், அங்கே குடியேறும் எண்ணம் இல்லை என்பவர், வேலையை விடாமல் ஊதியமில்லா விடுப்பு எடுத்து, 90 நாளுக்கு உட்பட்ட குறுகிய காலப் பாடத்துக்குப் போய் வரலாம். அந்த விசாவில் ஒரு மணி நேரம்கூட வேலை செய்ய முடியாது என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்.

பள்ளி முடிந்ததும் அங்கேயே வேலை என்று திட்டமிடுபவர்கள், மொழிப் பள்ளிச் சான்றிதழ் வேலை விசாவுக்கான கல்வித் தகுதி ஆகாது என்பதை அறிந்திருக்க வேண்டும். பொறியாளர் முதலான அலுவலகப் பணிகளுக்கான விசாவுக்குப் பல்கலைக்கழகப் பட்டமோ, துறையில் 10 ஆண்டு அனுபவமோ கேட்கிறார்கள். பாலிடெக்னிக் டிப்ளமோ மட்டும் முடித்தவர், அனுபவம் குறைவாக இருந்தால், மொழிப் பள்ளிக்குப் பிறகு அங்குள்ள தொழிற்கல்லூரியில் மேலும் இரண்டு ஆண்டுகள் படிக்க வேண்டிவரும். அப்போது இடைவெளி நான்கு ஆண்டுகளாகிவிடுகிறது. இதை ஏஜெண்டுகள் முன்கூட்டிச் சொல்வதில்லை. "வேலை உறுதி" என்று விளம்பரம் செய்பவர்களையும், வங்கி இருப்பைக் காட்ட ஆவணம் தயாரித்துத் தருகிறோம் என்பவர்களையும் விட்டு விலகுவதே நல்லது. பொய்யான ஆவணத்தால் மறுக்கப்பட்ட விண்ணப்பம் குடிவரவுத் துறையின் பதிவில் இருக்கும். அடுத்த முறை விண்ணப்பிக்கும்போது அதற்கு விளக்கம் சொல்லியாக வேண்டும்.

கடைசியாக, ராஜினாமா தேதி. ஏப்ரல் வகுப்புக்கான ஆவணங்களைப் பள்ளிகள் முந்தைய ஆண்டின் இலையுதிர் காலத்திலேயே வாங்கி, டிசம்பர் தொடக்கத்துக்குள் குடிவரவுத் துறையிடம் தருகின்றன. சி.ஓ.இ. எனப்படும் தகுதிச் சான்றிதழ் கிடைக்குமா கிடைக்காதா என்பது பிப்ரவரி இறுதியில்தான் தெரியும். அதன்பின் கட்டணம் செலுத்தி, சென்னையில் விசா வாங்கி, ஏப்ரல் தொடக்கத்தில் அங்கே இருக்க வேண்டும். இங்கோ நோட்டீஸ் பீரியட் 60 அல்லது 90 நாள். சி.ஓ.இ. வந்த பிறகு ராஜினாமா கொடுத்தால் வகுப்பு தொடங்கிவிடும். டிசம்பரிலேயே கொடுத்துவிட்டு சி.ஓ.இ. மறுக்கப்பட்டால் கையில் வேலையும் இருக்காது, விசாவும் இருக்காது. படிப்பை முடித்துப் பல ஆண்டுகள் ஆன முப்பது வயதுக்காரரிடம், இப்போது ஏன் மொழி படிக்க வேண்டும் என்ற கேள்வியைக் குடிவரவுத் துறை கூர்ந்து கேட்கும் என்பதால், மறுப்பு வருவதற்கு இடமிருக்கிறது. எனவே விண்ணப்பிக்கும் மாதத்திலேயே மேலாளரிடம் வெளிப்படையாகப் பேசி, படிப்பு விடுப்பு உண்டா, நோட்டீஸ் காலத்தைக் குறைக்கவோ பணம் கட்டி ஈடுசெய்யவோ வழி உண்டா என்பதைக் கேட்டு, கிடைக்கும் ஒப்புதலை மின்னஞ்சலில் வாங்கி வைக்கும்படி சொல்கிறேன். ஒப்புதல் கிடைக்காதவர்கள் ஈடுசெய்ய வேண்டிய தொகையையும் பயணச் செலவுக் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டு, சி.ஓ.இ. கைக்கு வரும் வரை ராஜினாமாக் கடிதத்தைக் கொடுக்காமல் இருக்க வேண்டும்.