இண்டெக்ஸிங் டேபிள்: தமிழில் எப்படிச் சொல்வது?

வட்டமான மேசை ஒன்று கொஞ்சம் திரும்பும், டக்கென்று நிற்கும், மறுபடி அதே அளவு திரும்பும். தானியங்கி உற்பத்தியில் இதன் முழுப் பெயர் ரோட்டரி இண்டெக்ஸிங் டேபிள். "டேபிள் இண்டெக்ஸ் ஆகலை" என்று ஆபரேட்டர் சொன்னால், மேசை அடுத்த நிலைக்குத் திரும்பவில்லை என்று பொருள்.

பால்பாயிண்ட் பேனா கோக்கும் மெஷினை எடுத்துக்கொள்வோம். மேசையின் விளிம்பில், பாகத்தைப் பிடித்து வைக்கும் எட்டு ஃபிக்ஸ்சர்கள் இருக்கின்றன. ஓரிடத்தில் வெறும் குழல் வந்து உட்காரும், அடுத்த இடத்தில் ரீஃபில் இறங்கும், அப்புறம் முனை, மூடி, சோதனை. கடைசியில் முடிந்த பேனா வெளியே போகும். எட்டு நிலைகள் என்பதால் மேசை ஒவ்வொரு முறையும் 45 பாகை திரும்பும். எல்லா நிலைகளிலும் ஒரே சமயத்தில் வேலை நடப்பதால், ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒரு பேனா தயார். ஆனால் மிக மெதுவான நிலை முடிக்கும்வரை மற்ற ஏழும் காத்திருக்கத்தான் வேண்டும்.

இண்டெக்ஸ் என்ற இலத்தீன் சொல்லுக்குச் சுட்டிக்காட்டுவது, சுட்டுவிரல் என்று பொருள். பட்டறையில் இந்தச் சொல் புழங்கும் விதத்தை உலோகத்தைச் செதுக்கும் மில்லிங் மெஷினில், வேலைப்பொருளைக் கணக்காகத் திருப்பும் டிவைடிங் ஹெட் என்ற கருவியில் பார்க்கலாம். அதில் வரிசை வரிசையாகத் துளையிட்ட ஒரு தட்டு உண்டு. கைப்பிடியைச் சுற்றி, அதன் ஊசியைக் கணக்கிட்ட துளையில் நிறுத்துவார்கள். பெரும்பாலான டிவைடிங் ஹெட்களில் கைப்பிடி 40 சுற்று சுற்றினால் வேலைப்பொருள் ஒரு சுற்று சுற்றும். பல்சக்கரத்தில் எட்டுப் பல் வெட்ட வேண்டுமா, பல்லுக்கு 5 சுற்று. இப்படி வட்டத்தைச் சமமாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவிலும் நிறுத்துவதுதான் இண்டெக்ஸிங்.

நிற்பதுதான் இதில் உயிர்நாடி. மையத்திலிருந்து 300 மில்லிமீட்டர் தள்ளி இருக்கும் ஃபிக்ஸ்சரில், ஒரு பாகையின் 60-இல் ஒரு பங்கு பிசகினாலே கிட்டத்தட்ட 0.09 மில்லிமீட்டர் விலகிவிடும். நுண்ணிய பாகம் செருகும் இடத்தில் அது பெரிய விலகல். இப்படித் திருப்பி நிறுத்த, இயக்கும் தண்டின் முளை காடியில் (நீள்பள்ளத்தில்) புகுந்து தள்ளும் ஜெனீவா சக்கரம் ஒரு வழி. பழைய சினிமா புரொஜெக்டரில் ஃபிலிமைச் சட்டம் சட்டமாக நகர்த்தியதும் அதுதான். நான்கு காடி உள்ள சக்கரம் என்றால், இயக்கும் தண்டின் ஒரு சுற்றுக்கு அது 90 பாகை மட்டும் நகரும், மிச்ச நேரம் நிற்கும். தேவையான நகர்வுக்கு ஏற்ற வடிவில் வெட்டிய கேம் வைத்தும் செய்கிறார்கள், சொன்ன கோணத்தில் நிற்கும் சர்வோ மோட்டார் வைத்தும் செய்கிறார்கள்.

சரி, தமிழில்? இண்டெக்ஸுக்கு நம்மிடம் சொல்லடைவு, குறியீட்டெண், அடுக்குக்குறி என்று துறைக்கு ஒரு சொல் இருக்கிறது. அதனதன் இடத்தில் எல்லாம் சரி, இந்த மேசைக்கு ஒன்றும் பொருந்தாது. 'குறியீட்டு அட்டவணை' என்று எழுதினால் இரண்டு சொல்லுமே தவறு. இங்கே டேபிள் என்பது அட்டவணையே இல்லை. 'சுழல்மேசை' பாதிதான் சரி; நிற்காமல் சுழலும் மேசையையும் அப்படித்தான் சொல்வோம்.

என் தேர்வு 'படிச்சுழல் மேசை'. படிப்படியாக, சம அளவில், நின்று நின்று சுழல்வது என்ற பொருள் அதில் வந்துவிடுகிறது. இண்டெக்ஸ் ஆவதைப் 'படி நகர்தல்' என்றும், நிற்கும் நேரத்தைத் 'தங்கல்' என்றும் சொல்லலாம். கோணத்தை புரோகிராமில் மாற்றிக்கொள்ளும் சர்வோ மேசைக்கும் இந்தப் பெயர் பொருந்தும், ஏனென்றால் படியின் அளவுதான் மாறுகிறது. கையேடு எழுதுபவர்கள் முதல் இடத்தில் 'படிச்சுழல் மேசை எனும் இண்டெக்ஸிங் டேபிள்' என்று இரண்டையும் சேர்த்து எழுதிவிட்டு, பிறகு தமிழ்ச் சொல்லை மட்டும் தொடரலாம்.