பட்டினி கெடந்த குதிரைக்கு வாளி நிறைய கொள்ளு வைக்காதீங்க ப்ளீஸ்

இந்த மாசமும் அதே கேஸ். வயசாயிடுச்சு, கால் நொண்டுதுன்னு யாரோ பைபாஸ் ஓரமா அவுத்து விட்டுட்டுப் போன வண்டிக்குதிரை. விலா எலும்ப எண்ணலாம், சேணம் உரசின எடத்துல புண்ணு, அதுல ஈ. பாவம் பாத்து நாலு பசங்க ஷெட்டுல கட்டி, ஊறவெச்ச கொள்ளு ஒரு வாளி, மேல சோறும் வெல்லமும் வெச்சிருக்காங்க, அதுவும் தலையத் தூக்காம தின்னுருக்கு. நாலாம் நாள் படுத்தது எந்திரிக்கல, அப்பதான் எனக்கு போன். "நல்லாத்தானே டாக்டர் சாப்பிட்டுச்சு?"

சாப்பிட்டதுதாங்க பிரச்சனையே.

குதிரைன்னா கொள்ளு, இத யாரு மண்டையில ஏத்தினாங்களோ தெரியல. கொள்ளு ஓடியாடி வேலை செய்யற குதிரைக்கு. பட்டினி கெடந்த ஒடம்பு தன் சதையவே கரைச்சு ஓடிட்டிருக்கும், அதுக்குள்ள திடீர்னு மாவுச்சத்து போனா இன்சுலின் எகிறி ரத்தத்துல இருக்கற பாஸ்பரஸ், மெக்னீசியம், பொட்டாசியம் எல்லாத்தையும் செல்லுக்குள்ள இழுத்துரும், மூணு நாலு நாள்ல இதயமே நின்னு போகலாம். அது தப்பினாலும் வயித்துவலி இருக்கு, குதிரையால வாந்தி எடுக்கவும் முடியாது. பசியில செத்துருமேன்னு பதறாதீங்க, இத்தன நாள் தாங்கினது இன்னும் ரெண்டு நாள் கம்மியா தின்னா சாகாது. கொள்ளு வேணாம், சோறு வேணாம், தவிடு வேணாம், கோயில் பொங்கலும் வேணாம்!

காய வெச்ச குதிரை மசால், அதாவது லூசர்ன்னு சொல்ற பசுந்தீவனம், குடுங்க. அமெரிக்காவுல கலிபோர்னியா பல்கலைக்கழகத்தோட டேவிஸ் வளாகத்துல மெலிஞ்ச குதிரைங்கள வெச்சுப் பாத்து சொன்ன கணக்கு, பெரிய குதிரைக்கு நாலு மணி நேரத்துக்கு ஒருக்கா அரைக்கிலோ, ராத்திரியும் சேத்து. நம்மூர் மட்டக்குதிரைக்கு அதுலயும் குறைச்சுக்கங்க. மூணு நாள் இப்படி, அப்புறம் பையப் பைய ஏத்தி பத்து நாளைக்கு மேலதான் இஷ்டத்துக்குத் திங்க விடணும். தண்ணி எப்பவும் பக்கத்துலயே இருக்கட்டும். ஆட்டுக்கு வெட்டற சவுண்டல் தழைய போட்டா பிடரி முடியும் வால் முடியும் கொட்டும். கோழித்தீவனம் கிட்டவே கொண்டு போகாதீங்க, அதுல கலக்கற மோனென்சின் கோழிக்கு மருந்து, குதிரைக்கு விஷம்.

புண்ணு இருந்தா டெட்டனஸ் ஊசிய தள்ளிப் போடாதீங்க, குதிரைக்கு அது சட்டுனு வரும். மூக்குல சளி ஒழுகினாலோ தோல்ல கட்டி கட்டியா இருந்தாலோ வெறுங்கையால தொடாதீங்க, கிளாண்டர்ஸ்ங்கற தொத்து வியாதியா இருந்தா மனுசனுக்கும் ஒட்டும், ரத்தம் எடுத்து டெஸ்டுக்கு அனுப்பணும். குடற்புழு மருந்து, பல்லு ராவறதெல்லாம் கொஞ்சம் தெம்பு வந்தப்புறம் பாத்துக்கலாம்.

ஓனர தேடிப் புடிச்சு கேஸ் போடணும்னு நிக்கறவங்களுக்கு: 1960 மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி பட்டினியில தவிக்க விட்டுட்டுப் போறது குத்தம்தான், முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயில இருந்து 50 ரூபா வரைக்கும். சிரிக்கறதா அழறதான்னு நீங்களே சொல்லுங்க. போடுங்க, வேணாம்னு சொல்லல, அதுக்கு முன்னாடி கால்நடை ஆம்புலன்ஸ் நம்பர் 1962க்கு ஒரு போன் போடுங்க.

இன்னொண்ணு. நாலஞ்சு மாசத்துல சதை புடிச்சு பளபளன்னு ஆனதும், சும்மாதானே நிக்குது, மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் குடுங்கன்னு ஒரு கூட்டம் வரும். குடுக்காதீங்க. வெடிச்ச குளம்பு அடி வரைக்கும் புதுசா வளந்து எறங்கவே கிட்டத்தட்ட ஒரு வருசம் ஆகும், ஆறேழு வாரத்துக்கு ஒருக்கா லாடக்காரர கூப்பிட்டு சீவி விட்டுட்டே இருங்க, அது வரைக்கும் முதுகுல ஆளும் ஏத்தாதீங்க, வண்டியிலயும் பூட்டாதீங்க.