லைசென்ஸ்: ஒரு சொல்லும் ‘மேற்படி’ இடமும்

திங்கட்கிழமை என்றால் காலை எட்டரைக்கெல்லாம் என் டைப்பிங் கடை வாசலில் செருப்புகள் சேர்ந்துவிடும். கிருஷ்ணகிரி கலெக்டர் ஆபீசில் அன்றைக்குத்தான் குறைதீர்க்கும் நாள். பட்டா, வழித்தகராறு, முதியோர் பென்ஷன் என்று வரும் மனுக்களுக்கு நடுவே வாரத்துக்கு ஒன்றாவது சாராயம் சம்பந்தப்பட்டதாக இருக்கும். போன மாதம் அப்படி ஐந்து பெண்கள் வந்தார்கள். பேசியது ஒரு அக்கா மட்டும்.

“தம்பி, எங்க ஊர்ல லைசென்ஸ் இல்லாத கடை நடக்குது. காலைல ஆறு மணிக்கே பாட்டில் கெடைக்குது. அதை மூடணும்னு எழுதுப்பா.”

‘உரிமம் இன்றி நடைபெறும் மதுபான விற்பனை’ என்று தட்டினேன். திரையை எட்டிப் பார்த்த அக்கா, “உரிமம்னா என்னா?” என்றார். லைசென்ஸ்தான் அக்கா என்றேன். “அப்ப லைசென்ஸுன்னே போடு. உரிமைன்னு படிச்சுட்டாங்கன்னா?” என்றார்.

அந்தக் கேள்வியை அப்படியே விட்டுவிட முடியவில்லை. அந்த மனு என்ன ஆயிற்று என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

லைசென்ஸ் நமக்கு இங்கிலீஷ் வழியாக வந்தது. இங்கிலீஷுக்கு அது பழைய பிரெஞ்சு வழியாக லத்தீனிலிருந்து போனது. லத்தீனில் ‘லிசேரே’ என்றால் ‘செய்யலாம் என்றிருத்தல்’, அதாவது தடுக்க ஆளில்லாத நிலை. அந்த வேரில் பிறந்த மற்ற பிள்ளைகளைப் பார்த்தால் குடும்பக் கதையே தெரிந்துவிடும். ஓய்வைக் குறிக்கும் ‘லெஷர்’ ஒரு பிள்ளை. ஒழுக்கம் கெட்டு அலைவதைக் குறிக்கும் ‘லைசென்ஷியஸ்’ இன்னொரு பிள்ளை. போலீஸ் செய்திகளில் கள்ளச்சாராயத்துக்கு முன்னால் ஒட்டிக்கொள்ளும் ‘இல்லிசிட்’ மூன்றாவது. லைசென்ஸ் கடைச் சரக்கும் கள்ளச் சரக்கும் சொல்லளவில் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்தாம்.

இங்கிலாந்தில் 1552இல் ஒரு சட்டம் வந்தது. ஏல் என்ற பீர் வகையை விற்கும் கடை நடத்த வேண்டுமானால் அந்த ஊர் நீதிபதிகள் இருவரிடம் அனுமதி வாங்க வேண்டும், ஒழுங்காக நடத்துவேன் என்று ஜாமீனும் கட்ட வேண்டும். அனுமதி, நிபந்தனை, ஜாமீன் மூன்றும் சேர்ந்தே பிறந்தவை. குடிப்பது தப்பு என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. குடிக்கக் கூடும் இடத்தில் நடக்கும் கலாட்டாதான் அதன் கவலை.

நம் ஊர்க் கதை தலைகீழ். இங்கே சட்டம் ‘கூடாது’ என்றுதான் தொடங்குகிறது. 1937 அக்டோபர் 1 அன்று சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது சேலம் மாவட்டத்தில். அன்றைய சேலம் மாவட்டத்துக்குள்தான் தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் எல்லாம் இருந்தன. தர்மபுரி தனி மாவட்டமானது 1965இல், அதிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது 2004இல். மதுவிலக்கைக் கொண்டுவந்த பிரதமர் ராஜாஜி (மாகாணத் தலைவரை அப்போது அப்படித்தான் அழைத்தார்கள்) பிறந்ததும் ஓசூர் பக்கம் தொரப்பள்ளியில். ஆக, பரிசோதனை நம் தாத்தாக்கள் மேல்தான் நடந்தது.

அந்த 1937ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. இன்றைக்கு நட்சத்திர ஓட்டலுக்கு, கிளப்புக்கு, டாஸ்மாக் கடைக்கு என எந்த மது உரிமமும் அந்த மதுவிலக்குச் சட்டத்தின் கீழ் போடப்பட்ட விதிகளிலிருந்துதான் வருகிறது. துறையின் பெயரே மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை. ஒரு கை விலக்குகிறது, மறு கை தீர்வை வாங்குகிறது. எனக்கு இதில் கோபமில்லை, சொல்லாராய்ச்சி செய்கிறவனுக்கு இதைவிட நல்ல தீனி கிடைக்காது.

சரி, உரிமத்துக்கு வருவோம். 1956இல் தமிழ் ஆட்சிமொழியான பிறகு அலுவலகங்களுக்குச் சொற்கள் தேவைப்பட்டன. லைசென்ஸுக்கு ‘உரிமம்’ நிலைத்தது. உரி, உரிய, உரித்து, உரிமை, உரிமையாளர் என்று நீளும் குடும்பத்தில் கடைக்குட்டி இது. ஓட்டுநர் உரிமம், படைக்கல உரிமம், உரிமக் கட்டணம், உரிமதாரர் என்று எதோடும் வளைந்து கொடுக்கும். சொல்லமைப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் அக்கா பயந்ததில் பொருளிருக்கிறது. வண்டி ஓட்டத் தெரிந்து தேர்வும் எழுதிவிட்டவனுக்கு உரிமம் கிட்டத்தட்ட உரிமைதான். மது விஷயத்தில் அப்படியில்லை. சாராய வியாபாரம் செய்ய எவருக்கும் அடிப்படை உரிமை கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 1994இல் கோடே டிஸ்டிலரீஸ் வழக்கில் சொல்லிவிட்டது. அரசு முழுசாகத் தடுக்கலாம், தானே விற்கலாம், நிபந்தனை போட்டு ஒருவருக்கு விடலாம். அதனால் மது உரிமம் என்பது உரிமையின் சான்று இல்லை. தடையில் வெட்டிக் கொடுத்த ஒரு வாசல், அந்த வாசலுக்கு அகலம், உயரம், திறக்கும் நேரம் எல்லாம் எழுதியிருக்கும். ‘இசைவு’ என்ற பழஞ்சொல் இதற்குக் கச்சிதமாகப் பொருந்தும் என்று எனக்குப் படுகிறது, இசைகிறவர் ஒருவர் இருக்கிறார் என்பது அந்தச் சொல்லிலேயே தெரிகிறதல்லவா. ஆனாலும் உரிமத்தை மாற்றச் சொல்லி நான் கொடி பிடிக்கப் போவதில்லை. இத்தனை வருஷம் ஓடிப் பழகிய சொல்லைப் பாதி வழியில் இறக்கிவிடக் கூடாது.

இனி ‘பிரிமிசஸ்’. லைசென்ஸைவிட எனக்குப் பிடித்தது இதுதான். உரிமம் ஆளுக்கு மட்டுமில்லை, இடத்துக்கும்தான். அந்த இடத்தை இங்கிலீஷ் சட்டங்கள் இப்படிச் சொல்கின்றன. இதன் லத்தீன் மூலத்துக்கு இடம் என்ற பொருளே கிடையாது, ‘முன்னால் சொல்லப்பட்டவை’ என்றுதான் பொருள். கிரயப் பத்திரத்தில் நிலத்தையும் கட்டடத்தையும் முதலில் ஒரு தடவை விவரமாக எழுதிவிட்டு, பிறகு ‘முன் சொன்னவை, முன் சொன்னவை’ என்றே எழுதிப் போனார்கள். எழுதி எழுதி, அந்தச் சொல்லே கட்டடத்துக்குப் பெயராகிவிட்டது.

பத்திரம் தட்டுகிற யாருக்கும் இதைப் படித்தால் சிரிப்பு வரும். நாங்களும் இதைத்தான் செய்கிறோம். சர்வே நம்பர், செக்குபந்தி, வடக்கே இன்னார் நிலம், தெற்கே வண்டிப்பாதை என்று ஒரு தடவை எழுதிவிட்டால் அப்புறம் எல்லாம் ‘மேற்படி’. மேற்படி சொத்து, மேற்படி கட்டடம், மேற்படியார். பிரிமிசஸுக்கு அச்சு அசலான தமிழ் இதுதான். அரசுத் தமிழ் ‘வளாகம்’ என்கிறது, பரவாயில்லை, ஆனால் வளாகம் என்றால் சுற்றுச்சுவரும் மரமும் உள்ள பெரிய இடம் கண்ணில் வருகிறது. பத்துக்குப் பன்னிரண்டு கடைக்கு ‘உரிமம் பெற்ற இடம்’ போதும். வேடிக்கை என்னவென்றால், பேச்சில் நாம் ‘மேற்படி சமாச்சாரம் உண்டா?’ என்று கேட்பதே பெரும்பாலும் பாட்டிலைத்தான்.

இடம் என்று வந்துவிட்டால் தூரம் வரும். டாஸ்மாக் நிறுவனம் 1983இல் தொடங்கியது. சில்லறை விற்பனையை அது கையில் எடுத்தது 2003 நவம்பரில். அதே ஆண்டு வந்த சில்லறை விற்பனை விதிகளின்படி கோயில், பள்ளி போன்றவற்றிலிருந்து மாநகராட்சி, நகராட்சிப் பகுதியில் 50 மீட்டர், மற்ற இடங்களில் 100 மீட்டர் தள்ளித்தான் கடை இருக்க வேண்டும். கடை திறந்திருப்பது பகல் பன்னிரண்டிலிருந்து இரவு பத்து வரை. 21 வயது நிரம்பாதவருக்கு விற்கக் கூடாது. பிறகு 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்றது. மார்ச் 2017இல் 20,000 பேருக்குக் குறைவான ஊர்களுக்கு அதை 220 மீட்டராக்கியது. பெங்களூரு சாலையும் சென்னைச் சாலையும் சேலம் சாலையும் வந்து சேரும் கிருஷ்ணகிரியில் இந்தத் தீர்ப்பு எப்படி இறங்கியிருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். மீட்டர் டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு பேசியவர்களை அந்த வருஷம் நிறையப் பார்த்தேன். வாசலிலிருந்து அளப்பதா, மதில் சுவரிலிருந்து அளப்பதா என்று ஒரு மனுவையே மூன்று தடவை திருத்தித் தட்டியிருக்கிறேன்.

‘பார்’ என்பது மரச்சட்டம், குறுக்குக்கட்டை. ஊற்றிக் கொடுப்பவனுக்கும் குடிப்பவனுக்கும் நடுவே இருந்த கட்டை பிறகு இடத்துக்கே பெயரானது. கோர்ட்டில் இருக்கும் தடுப்புக் கட்டையிலிருந்துதான் வக்கீல்களின் பார் அசோசியேஷனும் வந்தது, அவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். தமிழில் ‘மதுக்கூடம்’ நன்றாக அமைந்துவிட்டது. ஆனால் டாஸ்மாக் கடையை ஒட்டிய பாருக்கான டெண்டர் அறிவிப்பைப் படித்துப் பாருங்கள்: தின்பண்டம் விற்கும் உரிமம், காலிப் பாட்டில் சேகரிக்கும் உரிமம். அவ்வளவுதான். மது விற்கும் உரிமம் அதில் இல்லை. சட்டப்படி அந்த மதுக்கூடத்துக்காரர் சுண்டலும் ஆம்லெட்டும் விற்கிறார், பாட்டில் பொறுக்குகிறார். மது விற்பது பக்கத்திலிருக்கும் அரசுக் கடை. அதனால் ‘லைசென்ஸ் பார்’ என்று யாராவது சொன்னால் எதற்கு லைசென்ஸ் என்று ஒரு கேள்வி கேட்டுக்கொள்வது நல்லது.

மதுவும் கேளிக்கையும் சேரும் இடத்துக்கு நம்மிடம் ஒரு அழகான பெயர் இருக்கிறது: மனமகிழ் மன்றம். லாப நோக்கமில்லாத சங்கமாகப் பதிந்த கிளப்புகளுக்கு எஃப்.எல்.2 என்ற உரிமம் கிடைக்கும். உறுப்பினர்களுக்கும் அவர்களுடைய விருந்தாளிகளுக்கும் பரிமாறலாம், ரோட்டில் போகிறவருக்குக் கூடாது. நட்சத்திர ஓட்டலுக்கு எஃப்.எல்.3. இந்த எழுத்துகள் ‘ஃபாரின் லிக்கர்’ என்பதன் சுருக்கம். ஓசூரில் வடித்து ஓசூரில் குடித்தாலும் அது அயல்நாட்டு மதுவகைதான்.

ரெக்ரியேஷன் கிளப் என்பதை யார் மனமகிழ் மன்றம் ஆக்கினாரோ, தெரிந்து செய்தாரா என்றே சந்தேகம் வருகிறது. சங்கத் தமிழில் ‘மகிழ்’ என்றால் மகிழ்ச்சி மட்டுமில்லை, கள்ளும் கள்வெறியும்கூட. களிப்பதும் அப்படித்தான், சந்தோஷப்படுவதும் குடித்து மயங்குவதும் ஒரே சொல். (நம் பக்கம் களி என்றால் ராகிக் களி. அது வேறு விஷயம்.) சங்ககாலத் தகடூர்தான் இன்றைய தர்மபுரி. அதன் தலைவன் அதியமானுக்குக் கொஞ்சம் கள் கிடைத்தால் அதை ஔவைக்கே கொடுத்துவிடுவான், நிறையக் கிடைத்தால் அவள் பாடப் பாட மகிழ்ந்து குடிப்பான் என்று அவன் இறந்தபின் அவள் பாடிய பாட்டிலேயே இருக்கிறது. இந்த மாவட்டங்களின் மிகப் பழைய மனமகிழ் மன்றம் அதுதான்.

இன்றைக்கு அந்தச் சபையை நடத்த ஒரு காகிதம் போதாது. 500 சதுர அடிக்கு மேற்பட்ட மூடிய இடத்தில் பொதுமக்களைக் கூட்டிக் கேளிக்கை நடத்த 1888ஆம் ஆண்டுச் சட்டப்படி தனி உரிமம் வேண்டும். சினிமாப் பாட்டு ஓடவிட்டால் பதிப்புரிமைக் கட்டணம். இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை வெளியில் ஒலிபெருக்கி கூடாது. சமையல்கட்டுக்கு உணவுப் பாதுகாப்பு உரிமம் வேறு. இங்கிலாந்தில் 2003ஆம் ஆண்டுச் சட்டம் மது, பாட்டு, ஆட்டம், நடு இரவுச் சாப்பாடு எல்லாவற்றையும் இடத்துக்கான ஒரே உரிமத்துக்குள் கொண்டுவந்தது. அதற்கு முன்னால் அங்கே ஒரு சலுகை இருந்தது: மதுக்கூடத்தில் இரண்டு பேர் வரை கேளிக்கை உரிமம் இல்லாமலே வாசித்துப் பாடலாம். ஔவை ஒருத்திதானே, தப்பித்திருப்பாள். நாதஸ்வரமும் தவிலும் மட்டும் என்றால்கூடச் சரி, தாளக்காரர் வந்தால் மாட்டிக்கொள்வார்கள்.

‘கேளிக்கை’யை எல்லோரும் கேட்பதோடு முடிச்சுப் போடுகிறார்கள். விளையாட்டைக் குறிக்கும் ‘கேளி’யோடு உறவுள்ள சொல் அது. கேளிக்கை வரி வழியாக சட்டத்தில் நிலைத்துவிட்டது. கல்யாண மண்டபக்காரர்கள் தங்களை அதில் சேர்ப்பதை விரும்புவதில்லை, ‘கலைநிகழ்ச்சி’ என்றே தட்டச் சொல்வார்கள். 2023 ஏப்ரலில் சிறப்பு உரிமம் வாங்கி மாநாட்டு மண்டபங்களிலும் திருமண மண்டபங்களிலும் மது பரிமாறலாம் என்று விதி திருத்தம் வந்தபோது எழுந்த எதிர்ப்பில் திருமண மண்டபம் என்ற சொல் மட்டும் நீக்கப்பட்டது. ஒரு சொல் உள்ளே இருப்பதும் வெளியே இருப்பதும் எவ்வளவு பெரிய சமாச்சாரம் என்று அன்றைக்குப் பார்த்தோம்.

ஓசூர்க்காரர்களுக்கு இன்னொரு அகராதி உண்டு. ஜூஜூவாடி தாண்டி அத்திப்பள்ளி போய்விட்டால் கர்நாடகச் சட்டம். அங்கே சி.எல்.2 என்றால் வாங்கிக்கொண்டு போகும் கடை, சி.எல்.9 என்றால் உட்கார்ந்து குடிக்கும் பார். நம் ஆட்கள் முதலாவதை எம்.ஆர்.பி கடை என்பார்கள். அங்கே முறையாக வாங்கிய பாக்கெட் எல்லை தாண்டி மூட்டையாக இங்கே வந்தால் அதே சரக்கு கள்ளச் சரக்கு. அங்கே லைசென்ஸ், இங்கே இல்லிசிட்.

சரி, அந்த மனு. ‘உரிமம்’ என்பதை அழித்து ‘லைசென்ஸ்’ என்று மாற்றினேன். அக்காவுக்குத் திருப்தி. அப்போதுதான் அதுவரை வாய் திறக்காமல் தூணோரம் நின்றிருந்த பாட்டி பேசினார்.

“லைசென்ஸுன்னு போட்டா, வாங்கிட்டு வந்து காட்டுனா உட்டுருவாங்களாடி? அதெல்லாம் வேணாம் சாமி. சந்துக்கடைன்னு போடு.”

திருட்டுத்தனமாக பாட்டில் விற்கும் இடத்துக்கு சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரி முழுக்க ஓடும் சொல் அது. எந்த ஆட்சிச்சொல் பட்டியலும் தந்ததில்லை. ‘பொருள்: சந்துக்கடையை அகற்றக் கோருதல் தொடர்பாக’ என்று தட்டி, இரண்டு நகல் எடுத்துக் கொடுத்தேன். ஐந்து பேரும் ஒவ்வொருவராகக் கையெழுத்துப் போட்டார்கள், பாட்டி மட்டும் கைநாட்டு.